படிக்கிற மனிதனைப் பார்க்கிற சந்தோஷம்

(‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தை மாணவர்களுக்குத் திரையிடும் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



படம் மூன்று மணி நேரம் ஓடும். அதற்கு முன்னால் நானும் ஒரு மணி நேரம் பேசினால் நீங்க எழுந்து டீக்கடைக்குப் போயிடுவீங்க. அதனால் சுருக்கமாகச் சில விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

ஜப்பார் படேல் இயக்கிய இந்தப் படத்தைப் பற்றி மூன்று விதமான பேச்சு நடமாடுகிறது. இளைஞர்கள், ‘பாடப் புத்தகம் மாதிரி இருக்கு, போர் அடிக்குது’ என்கிறார்கள. விவரம் தெரிந்த தோழர்கள், ‘அரசாங்கம் காசு போட்ட படம், அரசாங்கத்துக்குத் தோதான அம்பேத்கர்தான் அதுல இருப்பார்’ என்கிறார்கள். இன்னும் சிலர், ‘தலைவரோட படம், அதுல போய்க் குறை சொல்லலாமா’ என்று கோபப்படுகிறார்கள். முதல் இரண்டு பேச்சும் படத்தைப் பார்க்க விடாது. மூன்றாவது, பார்த்தாலும் யோசிக்க விடாது.

இந்தப் படம் ஏன் பலருக்குத் தெரியாமல் போனது என்பதே ஒரு அரசியல் கதை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது. மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் பணம் கொடுத்தன. 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படம், சிறந்த நடிகர், சிறந்த கலை இயக்கம் என்று மூன்று விருதுகள் கிடைத்தன. விருது கொடுத்த கையோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் படமாக இது நம்ம ஊர்த் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கும் உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது.

இதே கழகம் பங்கு போட்ட இன்னொரு படம் உண்டு. 1982இல் வந்த ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’. எட்டு ஆஸ்கர் வாங்கியது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற அந்தப் படத்தில் அம்பேத்கர் என்று ஒரு பாத்திரமே கிடையாது. வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம் என்று காந்தியை எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட மனிதர் அங்கே காணாமல் போனார். அந்தப் படத்தை ஊர் உலகமே பார்த்தது. அவர் இருக்கிற படத்துக்குத் திரையரங்கு கிடைக்கவில்லை. எது நல்ல படம், எது போர் என்று நமக்குள் ஒரு ரசனை உருவாகிறதே, அது இப்படித்தான் உருவாகிறது. கண்ணில் படாத படத்தை யாரும் ரசிக்க முடியாது.

சரி, குறைகளுக்கு வருவோம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1913இல் அம்பேத்கர் அமெரிக்கா போகும்போது அவருக்கு வயது 22. அந்த மாணவராகவும் மம்முட்டியே வருகிறார். படம் எடுக்கும்போது அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல். நம்புவதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். கொலம்பியாவில் தொடங்கி 1956 நாக்பூர் வரை 43 வருஷத்தை மூன்று மணி நேரத்தில் அடைத்திருப்பதால், ஒரு நிகழ்ச்சி மனதில் உட்காருவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. சோனாலி குல்கர்னி நடித்திருக்கும் ரமாபாய், கணவர் வாழ்க்கையின் ஓரத்திலேயே நிறுத்தப்படுகிறார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இது ஒரே மனிதரின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. அவர் பேசுகிறார், மக்கள் கேட்கிறார்கள். 1927 மார்ச் 20இல் மகத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்களே, அந்த ஆயிரக்கணக்கான பேர் சும்மா வந்து கூடிவிடவில்லை. ஆர்.பி. மோரே மாதிரியான உள்ளூர்க்காரர்கள் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்த மாநாடு அது. பொதுக்குளங்களைத் தீண்டத்தகாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923லேயே பம்பாய் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. காகிதத்தில் இருந்த உரிமையைத் தண்ணீராக்கியவர்கள் அந்த மக்கள். அவர்களுக்குப் படத்தில் போதுமான முகம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ‘அப்புறம் எதுக்குங்க பார்க்கணும்’ என்று கேட்பீங்க. சந்தோஷத்துக்காகப் பார்க்கணும். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

இந்திய சினிமாவில் நம்ம ஆள் எப்படி வருகிறார் என்று யோசித்துப் பாருங்க. 1936இல் ‘அச்சுத் கன்யா’. கஸ்தூரி ரயில் மோதிச் சாகிறாள். 1959இல் ‘சுஜாதா’. வளர்த்த தாய்க்கு ரத்தம் கொடுத்த பிறகுதான் அந்தப் பெண் முழு மகளாகிறாள். 1975இல் கன்னடத்தில் ‘சோமன துடி’. ஒரு துண்டு நிலம் உழ ஆசைப்பட்ட சோமன் பறையை அடித்தபடியே சாகிறான். 1981இல் சத்யஜித் ராயின் ‘சத்கதி’. பார்ப்பனர் வீட்டில் பட்டினியோடு மரம் பிளந்து துக்கி சாகிறான். எல்லாம் பார்க்க வேண்டிய படங்கள்தான். ஆனால் வரிசையாக வைத்துப் பாருங்க: நாம செத்துக் காட்டணும், இல்லாவிட்டால் ரத்தம் கொடுத்து நிரூபிக்கணும். அப்போதுதான் பார்க்கிறவன் கண்ணில் தண்ணீர் வரும். நம்ம சாவு அவனுடைய மனசாட்சிக்கு மருந்து.

இந்தப் படத்தில் நம்ம ஆள் படிக்கிறார். கொலம்பியா நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறார். கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். காந்தியோடு முகத்துக்கு முகம் வாதாடுகிறார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மனுஸ்மிருதியைக் கொளுத்துகிறார். 1917இல் பரோடாவில், வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்காத அவமானமும் இருக்கிறது. ஆனால் படம் அந்த அவமானத்தோடு முடிந்து போவதில்லை. ஒரு தலித் மனிதன் யோசிப்பதைத் திரையில் பார்ப்பது நமக்கு எவ்வளவு அபூர்வமான சந்தோஷம் என்பது அந்தக் காட்சிகள் வரும்போதுதான் தெரியும். மம்முட்டியின் வயது அப்போது மறந்து போகும்.

அரசாங்கப் படம் என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் அரசாங்கத்துடையது, உண்மைதான். ஆனால் ஒரு படத்தில் பணம் போட்டவன் கை மட்டும் இருப்பதில்லை. இதன் திரைக்கதையில் தயா பவாரின் கை இருக்கிறது. 1978இல் ‘பலுத்தா’ என்ற தன்வரலாற்றை எழுதி மராத்தி இலக்கியத்தை உலுக்கியவர். படம் வெளிவருவதற்கு முன்பே, 1996இல் இறந்து போனார். அவருடைய உழைப்பையும் சேர்த்து ‘சர்க்கார் படம்’ என்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை?

குறை சொல்லக் கூடாது என்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் போகிற வழி என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் யார்? இவரேதான். அவரைப் பற்றிய படத்துக்குச் சூடம் காட்டினால் அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நம்மவர்கள் சினிமா பார்த்தால் ‘விசிலடிச்சான் குஞ்சுகள்’ என்று கேலி பேசிய நாடு இது. விசிலடிக்கிறவனுக்கு யோசிக்கத் தெரியாது, யோசிக்கிறவன் விசிலடிக்க மாட்டான் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நாம ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மகத் காட்சியில் கைதட்டத் தோன்றினால் தட்டுங்க. விசில் வந்தால் அடிங்க. கூடவே ஒரு தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்கும், 1938 நவம்பர் 7 பம்பாய் வேலைநிறுத்தத்துக்கும் படம் எத்தனை நிமிஷம் ஒதுக்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்க. பெண்கள் எத்தனை இடத்தில் வாய் திறக்கிறார்கள் என்று எண்ணுங்க. எந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது, இரண்டையும் எழுதுங்க.

இன்றைக்குத் தமிழில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. நம்ம பிள்ளைகள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். உங்களில் யாராவது நாளைக்கு மகத் கதையை எடுக்கலாம், மோரேயையும் ரமாபாயையும் நடுவில் நிறுத்தி. அப்படி எடுக்கிறவர்களுக்கு, குறையே இல்லாத படத்தைவிட, குறையோடு நம் மனதைப் பிடித்துக்கொள்கிற படம்தான் அதிகம் கற்றுக்கொடுக்கும். எங்கே விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே தொடங்குவது என்று தெரியும்.

படம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிடாதீங்க. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். முதலில் மாணவிகள் பேசட்டும், கடைசியில் நாங்கள் பேசுகிறோம்.

விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் தோழர்.