சுழல்சூளையில் படியும் வளையம்

 

வெள்ளி விழாவில் இரும்புச் சூளையைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் இன்று ஆலை வாயிலுக்குள் செல்கின்றனர். உள்ளே எப்பணிக்குச் செல்கின்றனர் என்பதே நம் கவலை. அதனை விளக்க இச்சூளையை எடுத்துக்கொண்டோம்.

இரும்புத் தாதுவை உருக்காமலே அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி இரும்பாக்கும் முறை ஒன்றுண்டு. ஆக்சிஜன் நீங்கிய இடங்கள் நுண்துளைகளாக நிற்பதால் அதனைப் பஞ்சிரும்பு என்பர். இன்று தெலங்கானாவில் அடங்கும் பால்வஞ்சாவில் 1980ஆம் ஆண்டு இதற்கென அரசு ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் இத்தகைய ஆலைகள் பெருகின. நிலக்கரியைக் கொண்டு இயங்கும் சுழல்சூளைகளே அவற்றுள் மிகுதி.

நாளொன்றுக்கு 100 டன் இரும்பு தரும் சூளை ஏறத்தாழ 42 மீட்டர் நீளமும் 3 மீட்டர் விட்டமும் உடைய எஃகு உருளையாகும். உட்புறம் தீக்கல் பூசப்பட்டிருக்கும். சற்றே சாய்ந்து, நிமிடத்திற்கு ஒரு சுற்றுக்கும் குறைவாக மெல்லச் சுழலும். தாதுவும் நிலக்கரியும் மேல்முனையில் இடப்பெற்று உருண்டு கீழிறங்கும். கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயு தாதுவின் ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ளும். உள்வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்றல் வேண்டும். இரும்பு உருக 1538 டிகிரி தேவை. ஆகவே இங்கு எதுவும் உருகலாகாது.

ஆயினும் உருகுகிறது. கொல்லன் உலையில் கரிச்சாம்பல் இளகிக் கட்டியாய் இறுகுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனைச் சிட்டம் என்கிறோம். சுழல்சூளையிலும் நிகழ்வது அதுவே. நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி. பாதி குறைக்கப்பட்ட தாதுவில் இரும்பு ஆக்சைடு உண்டு. தனித்தனியே இரண்டும் எளிதில் உருகா. இரண்டும் கூடினால் ஏறத்தாழ 1200 டிகிரியிலேயே உருகும் சேர்மம் பிறக்கிறது. சோடியம், பொட்டாசியம் உப்புகள் சேர்ந்தால் அவ்வெப்பநிலை இன்னும் தாழும். காற்றுக் குழாயின் எதிரே தீச்சுடர் மிகும் ஓரிடத்தில் இப்பசை முதலில் சுவரைப் பற்றுகிறது. பறந்துவரும் தாதுத்தூளும் கரித்தூளும் அதில் ஒட்டுகின்றன. சுற்றுக்குச் சுற்று படலம் தடித்து, ஈற்றில் வளையமாய்ச் சூளையின் தொண்டையை அடைக்கிறது. பொருள் அணையிட்ட நீர்போல் தேங்குகிறது. வாயுவின் வழி குறுகுகிறது. வெப்பமானியைப் படிவு மூடிவிட்டால் அது காட்டும் அளவும் பொய்யாகிறது.

பின்னர் சூளையை நிறுத்தி, நாட்கணக்கில் ஆறவிட்டு, ஆட்களை உள்ளே அனுப்பிப் படிவை உடைத்தெடுக்க வேண்டும். பாறைபோல் இறுகிய கட்டிகள் தலைக்கு மேலே தொங்கும். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு எஞ்சியிருந்தால் மூச்சே கூற்றாகும். நச்சுவாயு தங்கும் அடைபட்ட இடத்துள் தக்க காப்பின்றி ஆளை அனுப்பலாகாது என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஆயினும் அங்கு சம்மட்டி ஏந்தி நுழைவோர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளே. அவர் எவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்த அவைக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இளைஞர்களே! இப்படிவு விதியால் வருவதன்று, காரணம் உடையது. காரணம் உடைய எதனையும் குறைக்க இயலும். தாதுத்தூளைச் சலித்து நீக்கலாம். சாம்பல் குறைந்ததும், அச்சாம்பல் எளிதில் இளகாததுமான நிலக்கரியைத் தேர்ந்தெடுக்கலாம். விரைந்து வாயுவாகும் கரியெனில் தாழ்ந்த வெப்பத்திலேயே வேலை முடியும். காற்றை ஓரிடத்தில் குவிக்காமல் பல குழாய்களில் அளந்து பகிரலாம். வெளிச்சுவரின் வெப்பத்தை அளந்து, அது எங்கே குறைகிறதோ அங்கே உள்ளே படிவு தடிக்கிறது என முன்னரே அறியலாம்.

இவற்றைச் செய்ய வேதியியல் கற்றவர் வேண்டும். கருவிகளைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். சலிப்பதற்கும் அளப்பதற்கும் ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகத்தின் முன் காரணம் காட்டி வாதிடுபவரும் வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்த எண்ணும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் கழகத்தார் இதனை எடுத்துரைக்க வேண்டுகிறோம். தொழிற்பயிற்சி நிலையமோ, பாலிடெக்னிக்கோ, பொறியியற் கல்லூரியோ, இயன்ற வரை அவர்களைப் படிக்க வைப்போம். சம்மட்டி ஏந்துவோன் உழைப்பு இழிவானதன்று. அவனை அவ்விருட்டுக்குள் அனுப்ப வேண்டாத நிலையை உண்டாக்கும் அறிவு நம் வீடுகளிலிருந்து வரட்டும்.