விரட்டிய கணக்கே கௌரவமாம்!

(ஆலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஆயிரம் பேர் கூலிக்கு வந்தார்கள், முப்பத்தைந்து பேரைத்தான் சேர்த்தேன்" என்று ஒரு மிராசுதார் பெருமையடித்தால், நீங்கள் என்ன கேட்பீர்கள்? "விளைச்சல் எத்தனை மூட்டை?" என்றுதான் கேட்பீர்கள்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக் கழகங்களோ, விரட்டிய கணக்கையே கௌரவமாகக் காட்டுகின்றன. 2021-ல் ஹார்வர்டுக்கு மனுச் செய்தவர்கள் 57,435 பேர். இடம் கிடைத்தது 1,968 பேருக்கு. இடம் கிடைக்க வழியில்லாத பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதி மனுப் போட வைக்கிறார்கள். மனு பெருகினால் மறுப்பும் பெருகும், அந்தஸ்து உயரும்!

இந்தப் போட்டிக்குத் தூபம் போடுவது, 'யு.எஸ். நியூஸ்' பத்திரிகை 1983 முதல் வெளியிட்டுவரும் தரவரிசைப் பட்டியல். மேலிடம் பிடிக்கப் பொய்க் கணக்கும் எழுதினார்கள். தன் மாணவர்களின் பரீட்சை மார்க்கைப் பல ஆண்டுகள் கூட்டிச் சொன்னதாக, கலிபோர்னியாவிலுள்ள கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரி 2012-ல் ஒப்புக்கொண்டது. கொலம்பியாவின் புள்ளிவிவரங்கள் தவறு என்று 2022-ல் அம்பலப்படுத்தியவர், அங்கேயே பாடம் சொல்லித்தரும் ஒரு கணிதப் பேராசிரியர். (உள்ளே வேலை செய்கிறவனுக்குத்தானே உள் விவகாரம் தெரியும்!) இரண்டாம் இடத்திலிருந்த கொலம்பியா பதினெட்டுக்கு விழுந்தது.

சரி, மார்க்காவது நேர்மையான தராசா? ராஜ் செட்டி முதலிய பொருளாதார அறிஞர்கள், இப்படிப்பட்ட பன்னிரண்டு கல்வி நிலையங்களை ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்க் ஒன்றாகவே இருந்தாலும், நூற்றுக்கு ஒருவரான பெரும் பணக்காரரின் பிள்ளை அங்கே சேர்ந்து படிக்கும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். முக்கியக் காரணம், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் வாரிசுச் சலுகை.