தேனீப் பிசினை மருந்தென்று விற்கலாமா?
(கவரைப்பேட்டை உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



சுவர்ப் பொந்துல கூடு கட்டுகிற கொசுத்தேனீ நமக்கெல்லாம் தெரியும். அது மரப்பிசினைக் கொண்டுவந்து மெழுகோடு கலந்து பூசுவதுதான் புரோபோலிஸ். எறும்பு நுழையாமலும் கிருமி பெருகாமலும் கூட்டைக் காப்பது இதுதான்.

குளிர்நாட்டில் பாப்லர் மரப்பிசின். அதில் ஃபிளவனாய்டு அதிகம். பிரேசில் பச்சைப் பிசினில் ஆர்ட்டெபிலின் சி. வெப்பநாடுகளில் மாம்பிசினும் சேரும். மரம் மாறினா சரக்கும் மாறும். அங்கே சொன்ன பலன் இங்கேயும் கிடைக்கும்னு நாம் சொல்ல முடியாது.

ஆய்வுக்கூடத்தில் கிருமியைத் தடுத்தது உண்மை. நோய் குணமாகும் என்பதற்கு அது மட்டும் போதாது. சிலருக்கு அரிப்பு, தடிப்பும் வரும்.

பிசின் கிடைக்காவிட்டால் தேனீ ரோட்டுத் தாரையும் பெயின்ட்டையும்கூட எடுத்துவரும். நமக்குப் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கு. ஆகவே ஈயம் இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் எடுத்துச் சாப்பிட வேண்டாம். மருந்தென்று சொல்லி விற்கவும் வேண்டாம். குழு பெயரில் போகிற பொருள் நம்ம எல்லோருடைய நாணயம்.