சிகிச்சைக்குப் பின் நமது கடமை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆலயத்தில் கூடும் நாம், நமது லயத்தில் வாடும் ஒருவரை மறந்துவிட்டால் அக்கூட்டத்தால் பயன் என்ன? ஆகையால் வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் உண்டான புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோயை ஆராய்ந்த வைத்திய நிபுணர்கள், 2007ஆம் ஆண்டில் அதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டனர். "புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டால் கேடில்லை" என்று நம்மவர் சொல்வதுண்டு. அது தவறு. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்க வல்லது என உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முடிவு கூறியிருக்கிறது.

நோய் கண்டவர் பதுளைக்கும் மகரகமைக்கும் அலைந்து, சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று வீடு வருகிறார். வீட்டார் கோயிலில் அர்ச்சனை செய்கின்றனர். எல்லாம் முடிந்தது என்று மனம் ஆறுகின்றனர். இங்கேதான் நாம் பிழை விடுகிறோம். இந்நோய் மீண்டும் தலைகாட்டுமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தலைகாட்டும். அதனாலேயே முதலாண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாண்டு நிறையும்வரை 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டுமென்பது வைத்தியர்கள் வகுத்த பொது முறை. அவரவருக்கு வைத்தியர் குறித்துக் கொடுக்கும் தேதியே முதன்மையானது.

நம் பகுதியில் ஒரு பெரியவரை அறிவோம். கிளினிக் கொப்பியைச் சுவாமி படத்தின் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். வலி இல்லையே என்று இருமுறை போகாமல் விட்டார். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு கொப்பியை எடுத்துப் பார்த்தால், தவறிய தேதிகள் இரண்டும் அதிலேயே இருந்தன!

அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் கேட்பதில்லை; ஆனால் பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். கிளினிக் நாளில் அவருக்கும் பேர் விழாது, துணை போகும் மகனுக்கும் பேர் விழாது. 1984ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டுகிறது. இலங்கையில் கிராம சுகாதார ஊழியர்கள் பலருடைய வாயைப் பரிசோதித்து, சந்தேகமானவர்களை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரே அங்கு போய்ச் சேர்ந்தனர்.

வீட்டார் அறிய வேண்டியவை சில உண்டு. கதிர்ச் சிகிச்சையால் உமிழ்நீர் குறைந்து பற்கள் விரைவில் சொத்தையாகும். ஆனால் தாடையில் கதிர் பட்டவருக்குப் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே கெட்டுப்போகலாம். ஆண்டுகள் பல சென்றாலும், பல் வைத்தியரிடம் முதலில் இதைச் சொல்லவேண்டும். வாய் திறப்பதற்கும், விழுங்குவதற்கும், தோளை அசைப்பதற்கும் கற்பித்த பயிற்சிகளை நாள்தோறும் செய்யவேண்டும். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைரொயிட் சுரப்பி மந்தமாகலாம். அப்போது சோர்வும் குளிரும் மிகும். வெலிமடைக் குளிர்தானே என்று இருந்துவிடாமல், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பரிசோதிக்க வேண்டும். குரல்வளை எடுக்கப்பட்டவர் கழுத்துத் துவாரத்தின் வழியே மூச்சு விடுகிறார். தூசியும் அடுப்புப் புகையும் புகாதபடி அதை மெல்லிய துணியால் மறைத்துக் காக்கவேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, குரல் கம்முதல், விழுங்கும்போது தடை, விடாத காதுவலி, இரத்தக் கசிவு, காரணமில்லாத மெலிவு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த தேதிவரை காத்திராது உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்நோய் தொற்றுநோய் அன்று. முகம் மாறியவருக்குத் தனிக் கோப்பை வைப்பதும், விருந்தில் அவரை ஒதுக்குவதும் பாவமேயாகும். அதேபோல், தாம்பூலம் தருவது மரியாதை என்று அவரை வற்புறுத்துவதும் தீங்கு. தாம்பூலத்தைச் சுவாமிக்கு வைப்போம். அவர் வாயில் வைக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பின்னும் வெற்றிலை பாக்கு, புகையிலை, மது ஆகியவற்றைத் தொடர்பவருக்குப் புதிதாக இன்னொரு புற்றுநோய் உண்டாகும் அபாயம் அதிகம்.

வாலிப நண்பர்களே! நாம் வைத்தியர்கள் அல்லர். ஆயினும் நம்மால் ஆகக்கூடியது உண்டு. நமது தோட்டங்களில் இவ்வாறு சிகிச்சை பெற்றவர் ஒவ்வொருவருக்கும், அவர் சம்மதத்துடன், இருவர் பொறுப்பெடுப்போம். கிளினிக் தேதிகளை நம்முடைய கொப்பியிலும் எழுதிக்கொள்வோம். முதல்நாள் மாலை வீட்டுக்குப் போய் நினைவூட்டுவோம். மகனுக்குப் போக முடியாத நாளில் நம்மில் ஒருவர் துணை போவோம். பெரியோர்களே! விழாச் செலவில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை அவர்களுடைய பஸ் செலவுக்கென ஒதுக்கித் தாருங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை கூட்டம் நடத்தினோம் என்று கணக்குச் சொல்வதோடு, எத்தனை பேரைத் தேதி தவறாமல் வைத்தியரிடம் சேர்த்தோம் என்றும் சொல்லக்கூடியவர்களாவோமாக!