வீடு கட்ட வந்த அந்நியர்கள்

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வேறு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கினால் ஜனங்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "எதற்கு வந்திருக்கிறார்கள்? எதைப் பிடுங்கிக்கொண்டு போக?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. அந்நியன் வந்த கதையெல்லாம் நமக்கு அப்படித்தானே முடிந்திருக்கிறது! ஆனால் இன்று நான் சொல்லப்போவது மண்வெட்டியோடு வந்த அந்நியர்களைப் பற்றி.

1920 நவம்பர் மாதம். பிரான்சில் வெர்டன் நகருக்குப் பக்கத்தில் எஸ்ன் என்று ஒரு சின்னக் கிராமம். கிராமம் என்பது பேருக்குத்தான். 1916 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை அந்த வட்டாரத்தில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் மோதிக்கொண்டன. இரண்டு பக்கத்திலும் சேர்த்துச் சுமார் 3,00,000 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் யார்? உழவன் மகன், ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி. பீரங்கி வார்த்து விற்ற முதலாளி அந்தக் குழிகளில் கிடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை!

யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பிய குடியானவனுக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வயலெல்லாம் குண்டு விழுந்த பள்ளம், முள்கம்பி, வெடிக்காத குண்டு. ஏர் பூட்டவே பயம்.

அங்கேதான், குளிர் தொடங்குகிற நேரத்தில், ஒரு சிறு குழு வந்து சேர்ந்தது. தலைவர் பியேர் செரெசோல் என்ற சுவிஸ் இஞ்சினியர். தகப்பனார் சுவிட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ ராணுவத்துக்கான வரியைக் கட்டமாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர். (அவருடைய அண்ணன் எர்னெஸ்ட் அதே ராணுவத்தில் கர்னல். பிற்காலத்தில் தம்பியோடு சேர்ந்து அவரும் இதே பணியை நடத்தினார்! குடும்பங்கள் விசித்திரமானவை.) கூட வந்தவர்களில் ஆங்கிலேயர் உண்டு, ஜெர்மானியரும் உண்டு.

ஆம், ஜெர்மானியர்! எந்த நாட்டுப் பீரங்கி அந்த ஊரைத் தரைமட்டமாக்கியதோ, அந்த நாட்டு ஆட்கள் கடப்பாரை எடுத்து இடிபாட்டை அள்ள வந்து நின்றார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு காகிதம் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் மழைக்கு ஒழுகாத கூரை ஒன்றாவது கிடைத்திருக்குமா?

ஐந்து மாதம், நடுக்குளிர்காலம் முழுவதும், உழைத்தார்கள். ஜனங்கள் தங்கத் தற்காலிக வீடுகள் கட்டினார்கள். பள்ளங்களை மூடி நிலத்தைச் சமன் செய்தார்கள். பாதைகளைச் செப்பனிட்டார்கள். கூலி கிடையாது. 1921 வசந்தத்தில் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன்? வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அதிகாரிகளின் ஆதரவு கிட்டவில்லை. பகைவன் என்று சொல்லிச் சொல்லியே யுத்தத்தை நடத்தியவர்களுக்கு, அந்தப் பகைவன் செங்கல் சுமப்பது கண்ணை உறுத்தியது.

இங்கே ஆலைத் தோழர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: "கூலியில்லாமல் வேலை செய்ய ஆள் வந்தால், கூலிக்கு வேலை செய்கிறவன் கதி என்ன?" சரியான கேள்வி! மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எஸ்ன் கிராமத்தில் கூலி கொடுக்க யாரிடமும் காசு இல்லை. அங்கே எவனுடைய பிழைப்பிலும் மண் விழவில்லை. ஆனால் எல்லா ஊரும் எஸ்ன் அல்ல.

1931-ல் வேல்ஸ் நாட்டில் பிரின்மார் என்ற சுரங்க ஊர். நிலக்கரி வேலை போய், தொழிலாளர் தெருவில் நின்றார்கள். அங்கேயும் பல தேசத்துத் தொண்டர்கள் வந்தார்கள்; நீச்சல் குளமும் பூங்காவும் அமைத்தார்கள். ஆனால் உள்ளூரில் வேலையற்றோர் பலர் சேர மறுத்துவிட்டார்கள். சம்பளமில்லாத உழைப்புக்கு ஒருமுறை வழிவிட்டால் நாளைக்குச் சம்பளமே போய்விடும் என்று அஞ்சினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கொத்தன் வேலையின்றி உட்கார்ந்திருக்கும் ஊரில், தொண்டன் கரண்டியைத் தொடுமுன் அந்தக் கொத்தனைக் கேட்க வேண்டும். அவன் மேஸ்திரியாக நிற்கட்டும். வந்தவன் சித்தாளாகக் கல் சுமக்கட்டும்.

எஸ்ன் தோல்வியோடு செரெசோல் ஓயவில்லை. 1928-ல் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி தேசத்தில் ரைன் நதி வெள்ளம் மூடிய நிலத்தைச் சுத்தம் செய்ய 700 பேருக்கு மேல் திரண்டார்கள்.

பிறகு நம் தேசத்துக்கே வந்தார். 1934 ஜனவரி 15-ந் தேதி பீகார் பூகம்பம். பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்தது. செரெசோலும் அவருடைய சகாக்கள் சிலரும் கடல் கடந்து முசாபர்பூர் ஜில்லாவுக்குப் போனார்கள். வெள்ளம் ஏறுகிற பள்ளத்திலிருந்து கிராமங்களை எடுத்து, மேட்டு நிலத்தில் புதிதாக வீடு கட்டித் தரும் வேலை. 1937 வரை அது நீடித்தது.

வெள்ளைக்காரன் என்றால் வரி கேட்கிறவன், தடியால் அடிக்கிறவன் என்று அறிந்திருந்த பூமி அது. அங்கே இவர்கள் வெயிலில் மண்வெட்டி பிடித்தார்கள். அப்படி எழுந்த புதிய கிராமம் ஒன்றுக்குச் சாந்திப்பூர் என்று பெயர்.