பூவின் நிறமும் புழுதியின் நிறமும்

(உத்திரமேரூரில் ஆற்றிய உரை)



குங்குமப்பூவின் நிறம் என்ன? சிவப்பு என்பார் சிலர், மஞ்சள் என்பார் சிலர். இரு சாராரும் அந்தப் பூவைக் கண்டறியாதவர்கள்! பூவிதழ் ஊதா நிறம். நடுவே நீண்டு நிற்கும் இழை மட்டுமே சிவப்பு. அதுவும் பூ ஒன்றுக்கு மூன்றே மூன்று. அதைப் பாலில் இட்டாலோ பொன் மஞ்சள்! காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில், ஐப்பசிக் குளிரில், முதுகு வளையப் பூப்பறித்து, விரல் நுனியால் இழை பிரித்து உலர்த்துகின்றனர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலர்கள் சேர்ந்தால் கிடைப்பது ஒரு கிலோ. பறித்தவர் முதுகு நிமிரவில்லை. பண்டத்தின் விலை மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது.

விலை உயர்ந்த இடத்தில் கலப்படம் நுழையாதிருக்குமா? 15-ஆம் நூற்றாண்டிலே ஜெர்மானிய நாட்டு நூரம்பர்க் நகரில், குங்குமப்பூவில் கலப்படம் செய்தவனை அவன் சரக்கோடு சேர்த்தே கொளுத்தினார்கள். நம் நாட்டுக் கலப்படக்காரரோ தண்டத்தைக் கட்டிவிட்டு மறுநாள் காலை கடை திறக்கிறார், சாம்பிராணிப் புகையுடன்! கொளுத்தச் சொல்லவில்லை தோழர்களே, கொஞ்சம் அஞ்சவாவது செய்யட்டும் என்கிறேன்.

குளிர்நாட்டுப் பூ நம் செம்மண்ணில் விளையாது. பூ வரவில்லை, பெயர் வந்தது. வடமொழியில் குங்குமம் என்றாலே அந்தப் பூதான். ஆனால் நம் தாய்மார்கள் நெற்றியில் இட்ட குங்குமம் எது? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த பொடி! ஆரத்தித் தட்டிலே அந்த வித்தையை நாள்தோறும் காண்கிறோம். பெயர் காஷ்மீரத்தின் பெயர். பொருளோ ஈரோட்டுச் சந்தையின் பொருள். மன்னன் மார்பிலே பூசிய மணத்தை வாங்க வகையற்ற மக்கள், தம் கொல்லைக் கிழங்கைக் கொண்டே அதற்கீடான நிறத்தைப் படைத்துக்கொண்டார்கள். அறிவுடையோர் செயல்தான் அது.

ஆனால் ஓர் இடத்திலே மட்டும், ஏழையும் அசல் பூவையே தேடி அலைகிறான். எங்கே? மனைவி கருவுற்ற வீட்டிலே! நாற்று நட்டுக் களையெடுத்து நாளெல்லாம் வெயிலில் நின்ற கூலி, பல நூறு ரூபாய், ஒரு கிராம் குங்குமப்பூவுக்குப் போகிறது. ஏன்? பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம்! தோலின் நிறம் தாய் தந்தையர் வழி வருவது. பாலில் கரைந்த இழை வயிற்றில் செரித்துப் போவது. நான் நாடகக்காரன், அரிதாரத்தின் இயல்பறிந்தவன்: பூசினால் ஒட்டும், குடித்தால் ஒட்டாது! அந்தப் பணத்தில் அந்தத் தாய்க்கு எத்தனை நாள் முட்டை, எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் பருப்பு! இரத்தம் வெளுத்த உடம்போடு அவள் பிள்ளை பெறப் போகிறாள். வீட்டாரின் கவலையோ பிள்ளையின் தோல் வெளுப்பைப் பற்றி! கறுப்பாய்ப் பிறக்கும் பெண்ணுக்குப் பெண் பார்க்க வருகிறவன் என்ன விலை பேசுவான் என்ற அச்சமன்றோ அந்தப் பாலிலே கலந்திருக்கிறது? தாயைக் குறை சொல்லேன். கறுத்த கையால் விளைந்த சோற்றை உண்டுவிட்டு, கறுத்த மகளை வேண்டாம் என்கிறதே இந்தச் சமுதாயம், அதைச் சொல்கிறேன்.

இனி, துறவியின் ஆடைக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதற்கும் குங்குமப்பூ நிறம் என்றே பெயர். பூவுக்கும் அதற்கும் என்ன உறவு? காவி என்பது கல். இரும்பின் துரு ஏறிய செம்மண் கட்டி. மார்கழியில் நம் வீட்டுப் பெண்கள் கோலத்துக்குக் கரை கட்டுகிறார்களே, அந்தக் காவி! புத்தத் துறவிகளோ வேரையும் பட்டையையும் காய்ச்சி ஆடைக்குச் சாயமேற்றினார்கள். இலங்கையிலும் பர்மாவிலும் பலாக்கட்டையைக் காய்ச்சினார்கள். அவர்கள் துணிதான் எது? குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தல்! பல நிறக் கந்தல்களை ஒட்டுப் போட்டுத் தைத்து, ஒரே மண்நிறமாக்கி உடுத்தினார்கள். விற்றால் விலை போகாது, திருடனும் தொடமாட்டான்.

நமக்கு வடக்கே இருக்கும் காஞ்சி, அந்த நிறத்தால் நிறைந்திருந்த நகரம். 640-ஆம் ஆண்டையொட்டி அங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளையும் பதினாயிரம் துறவிகளையும் குறித்துச் சென்றார். மணிமேகலை அறம் கேட்டதாகக் காப்பியம் கூறுவதும் அதே காஞ்சியில்தான். பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்ற நெறியினர் உடுத்திய நிறம் அது. இன்று அந்த நிறத்துக்குத் தனியுரிமை கொண்டாடுவோர் இந்தக் கதையைச் சொல்வதில்லை, ஏனோ!

1947 ஜூலை 22-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை நாட்டின் கொடியை ஏற்றது. மேல்பட்டையின் நிறத்துக்குப் பொருள் உரைத்தவர் இராதாகிருஷ்ணன். பற்றறுத்தலைக் குறிப்பது அது. தலைவர்கள் பொருளாசையற்றவராய்ப் பணிபுரிய வேண்டும் என்று விளக்கினார். துணிக்குப் பொருள் சொல்லியாயிற்று. உடுத்தியவர் அப்படி இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு வழி?

வழி உங்கள் ஊர்ச் சுவரிலே இருக்கிறது! முதற் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள். அவற்றை மக்களாட்சியின் தொட்டில் என்று புகழ்வோருடன் நான் முழுதும் உடன்படேன். நிலமும் மனையும் வேதமும் உடையவருக்கே ஓலை. ஏருழுதவனுக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. எனினும் ஒரு விதியைக் கண்டு வியக்கிறேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் உறவினர் பெயரையும் இடலாகாது!

என்ன நிறம் உடுத்தினான் என்று கல் கேட்கவில்லை. கணக்கு எங்கே என்று கேட்கிறது. மடத்தின் காவியானாலும், எங்கள் தோளிலே கிடக்கும் கரைத்துண்டானாலும் அதே கேள்விதான். கூட்டம் முடிந்ததும் வைகுந்தப் பெருமாள் கோயில்வரை நடந்து போய்ப் பாருங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகியும் எழுத்து அங்கே நிற்கிறது.