விதை இல்லாத பூக்கள்

(ஒலி வடிவத்தில் வெளியான பேச்சு இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை மாற்றவில்லை.)

போன தடவை மாடியில காய்கறி போடுறதைப் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு, "பூச்செடிக்கு எப்போ வருவீங்க?"ன்னு நிறையப் பேர் குரல் செய்தி அனுப்பியிருந்தீங்க. ஒருத்தர் மட்டும் நேர்மாறா, "தக்காளி வச்சா ரசத்துக்காவது ஆகும். பூ வச்சு என்னங்க பண்றது? அதான் தெருமுனையில முழம் போட்டு விக்கிறாங்களே"ன்னு கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு தக்காளிச் செடியில காய்க்கிறது ஒரு வீட்டுக்குச் சரியாப் போயிடும். அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. ஆனா நல்ல வெயில்ல நிக்கிற ரெண்டு மல்லிச்செடி பங்குனி சித்திரையில பூக்க ஆரம்பிச்சா கதை வேற. சாமி படத்துக்கு வச்சு, தலையில வச்சு, அப்புறமும் ஒரு கிண்ணம் அரும்பு மேஜை மேல உக்காந்திருக்கும். காலையில பறிச்ச அரும்பு சாயந்திரம் விரிஞ்சே தீரும். மறுநாள் காலையில பழுப்பேறிடும். ஊறுகாயும் போட முடியாது, வத்தலும் போட முடியாது. நாலு வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகணும். எங்க தெருவுல பாதிப்பேரோட பேர் எனக்குத் தெரிஞ்சதே இந்த அரும்புக் கிண்ணத்தாலதான்.

சரி, பூவைக் கொடுக்கிறது ஒரு பக்கம். நான் இன்னிக்கு முக்கியமா பேச வந்தது செடியைக் கொடுக்கிறதைப் பத்தி.

உங்க வீட்டுக் குண்டு மல்லியில காயைப் பாத்திருக்கீங்களா? யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல அது பெரும்பாலும் காய் பிடிக்கிறதே இல்லை. பூக்கும், கொட்டும், அவ்வளவுதான். அடுக்கு நந்தியாவட்டையும், அடுக்குச் செம்பருத்தியும் கிட்டத்தட்ட அப்படித்தான். டெல்லி கனகாம்பரம்னு ஒண்ணு இருக்கே, நல்ல பளிச்னு, கடையில சரம் சரமாத் தொங்குறது, அதுல விதையே வராது. அந்தச் செடியில குரோமோசோம் மூணு மூணா இருக்கு. ஜோடி சேர முடியாததால விதை பிடிக்கிறதில்லை. சாதாரணக் கனகாம்பரம் இதுக்கு நேரெதிர். காஞ்ச கதிர்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சு விதை தெறிக்கும். தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற தரை இடுக்குல எல்லாம் அதுவே முளைச்சுக்கும். அந்திமந்தாரையும் அப்படித்தான், மிளகு மாதிரி கறுப்பு விதை உதிர்த்துட்டே இருக்கும். இவங்களுக்கு நம்ம தயவு தேவையில்லை.

மல்லிக்குத் தேவை. காத்தும் பறவையும் அதைப் பரப்பாது. இன்னிக்கு உங்க தொட்டியில ஒரு மல்லி நிக்குதுன்னா, யாரோ ஒருத்தர் ஒரு கொடியை வளைச்சு மண்ணுல புதைச்சு, வேர் விட்டதும் வெட்டி இன்னொருத்தர் கையில கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு ஒருத்தர், அவங்களுக்கும் ஒருத்தர்னு அது பின்னாடி போயிட்டே இருக்கும். நர்சரியில வாங்கினாலும் இதே கதைதான், காசு மட்டும் நடுவுல வரும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதே, அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போற பதியன்கள்ல நிறைய ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம் மணல்ல வேர் பிடிச்சு வர்றதுதான். மதுரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த செடிக்குக் கடலோரம் பிறந்த வீடு!

இன்னொரு விஷயம். விதையில இருந்து வர்றதுதான் பிள்ளை. குச்சியில இருந்து வர்றது பிள்ளை இல்லை, அதே செடி. உங்க பெரியம்மா வீட்டுல இருந்து கொண்டுவந்த மல்லி, பெரியம்மாவோட மல்லியேதான். இடம்தான் மாறியிருக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க தெருவுல நடந்ததைப் பாத்ததால. நாலாவது வீட்டுல ஒரு பாட்டி. கிணறு, துணி துவைக்கிற கல்லு, அதுக்குப் பக்கத்துல ஒரு அடுக்கு மல்லி. அந்தச் செடி நாப்பது வருஷத்துக்கு மேல அங்கே நின்னுது. வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்துட்டாங்க. தை பிறந்ததும் இடிக்கப் போறாங்கன்னு பேச்சு. செடியை வேரோட பெயர்த்துக்கலாமேன்னு நாங்க கேட்டோம். பாட்டிதான், "வேணாம்மா, கிழச்செடி, வேரை அசைச்சா தாங்காது. கொப்பை எடுத்துக்குங்க"ன்னு சொன்னாங்க. கார்த்திகையில கவாத்துப் பண்ற நேரம். முப்பது குச்சி வெட்டினோம். கீழே தாழ்வா இருந்த நாலு கொடியை ஐப்பசியிலேயே பாட்டி பதியம் போட்டு வச்சிருந்தாங்க. அவங்களுக்கு நம்மளை விட முன்னாடியே கணக்குத் தெரிஞ்சிருக்கு. மூணு வீட்டுல பிரிச்சு வச்சோம். முப்பது குச்சியில பதினொண்ணு துளிர்த்துது. நாலு பதியத்துல மூணு பிழைச்சுது. கிணத்தை மூடியாச்சு, அந்தக் கல்லு எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியலை. மல்லி இருக்கு.

பதியம் போடுறது பெரிய வித்தை இல்லை. தரைக்குப் பக்கத்துல இருக்கிற முத்தின கொடி ஒண்ணை வளைங்க. ஒரு கணுவுக்குக் கீழ லேசா, பாதி கூட இல்லை, தோலும் கொஞ்சம் கட்டையும் சேர்த்துக் கீறி விடுங்க. அந்த இடம் மண்ணுக்குள்ள போற மாதிரி புதைச்சு, மேல ஒரு கல்லை வைங்க. நுனி வெளியே நிக்கணும். மண்ணு காயாம பாத்துக்கிட்டா மூணு நாலு மாசத்துல வேர் பிடிச்சிடும். அதுவரைக்கும் தாய்ச்செடி சோறு போடுறதால பயம் இல்லை. தொட்டிச் செடியா இருந்தா பக்கத்துல இன்னொரு தொட்டி வச்சு அதுல புதைங்க.

குச்சின்னா பென்சில் கனம், மூணு நாலு கணு. ரொம்பப் பச்சையும் வேணாம், ரொம்பக் கட்டையும் வேணாம். கீழ்ப்பக்கம் சரிவா வெட்டுங்க, மேல்பக்கம் நேரா வெட்டுங்க. எது தலை எது கால்னு மறுநாள் குழப்பம் வராது. இலையைக் கிள்ளிட்டு ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி நடுங்க. நிழல்ல வைங்க. முளைச்சிருக்கான்னு தினமும் ஆட்டி ஆட்டிப் பாக்கிறவங்களுக்கு மட்டும் வேர் பிடிக்காது. மழைக்காலம்தான் இதுக்கு ஏத்தது. அக்னி நட்சத்திரத்துல குச்சி கொடுத்தா அது விறகு.

கொடுக்கும்போது வாங்குறவங்க வீட்டு வெயிலைக் கேளுங்க. நிறையச் செடி வீணாப் போறது இதுலதான். மல்லிக்கு ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும். இல்லைன்னா இலை மட்டும் செழிப்பா வந்து நிக்கும். பாதி நிழல் பால்கனிக்கு நந்தியாவட்டை கொடுங்க, கனகாம்பரம் கொடுங்க, டிசம்பர் பூ கொடுங்க. வாசனை கிடையாதேன்னு டிசம்பர் பூவைக் கொஞ்சம் இளப்பமாப் பாக்கிறோம். மார்கழியில வேற எதுவும் சரியாப் பூக்காத நேரத்துல ஊதாவா நிக்கும் பாருங்க, எனக்கு அதுமேல தனி மரியாதை. அரளிக் குச்சி கொடுத்தா மட்டும் அந்த வீட்டுல சின்னக் குழந்தை, நாய், மாடு இருக்கான்னு கேட்டுட்டுக் கொடுங்க. இலை, பூ, பால் எல்லாமே விஷம்.

பாட்டிக்கும் இந்த வெயில் பிரச்சினைதான் வந்தது. புது வீடு மூணாவது மாடி, வடக்குப் பாத்த பால்கனி. அவங்க செடியையே அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்னு ஒரு பதியனை எடுத்துட்டுப் போனோம். பால்கனியை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு, "இங்கே இதுக்கு வெயில் பத்தாதும்மா, உன்கிட்டயே இருக்கட்டும்"னுட்டாங்க. அதனால இப்போ ஒரு ஏற்பாடு. சித்திரை வந்தா மூணு வீட்டுல யார் வீட்டுல அன்னிக்கு அதிகம் பறிக்கிறோமோ அவங்க அரும்பைக் கொண்டுபோய் மேல கொடுத்துடுவோம். பாட்டி வாழைநாரை நனைச்சு வச்சுக்கிட்டு, கால் கட்டை விரல்ல மாட்டி, நெருக்கமா தொடுப்பாங்க. எங்களுக்கு அந்த நெருக்கம் வராது. சாயந்திரம் மூணு சரம் கீழே வரும். தனக்கு எவ்வளவு வச்சுக்கிட்டாங்கன்னு கேட்டா, "வாசம் இங்கேதானே இருந்துது"ன்னு சிரிப்பாங்க.

மதில் சுவர் ஓரம் செம்பருத்தி வச்சிருக்கிறவங்க பலர் ஒரு புகார் அனுப்பியிருக்கீங்க. விடியக்காலை அஞ்சரைக்கு நடைப்பயிற்சி போறவங்க கேரி பேக்கோட வந்து ஒரு பூ விடாம பறிச்சிடுறாங்க, சாமிக்குத்தானே திட்டவும் முடியலைன்னு. திட்டலாம், தப்பில்லை. கேட்டுப் பறிக்கிறது வேற, துடைச்செடுக்கிறது வேற. ஆனா ஒருத்தங்க பண்ணின வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. அந்த மாமாவை ஒருநாள் நிறுத்தி, நாலு செம்பருத்திக் குச்சியைக் கையில கொடுத்து, "உங்க வீட்டுலயே பூக்கட்டும் சார்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே வரலை. அப்புறம் வந்தாராம், மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கணும்னு கேக்க. வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலைக்கு அடியில படுற மாதிரி, வெயில் தாழ்ந்தப்புறம் அடிங்க சார். நீங்க இதைக் கேட்டுட்டிருந்தீங்கன்னா.

கவாத்து பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். மல்லி புதுத் துளிர்லதான் பூக்கும், அதனால வெட்டத் தயங்காதீங்க. நவம்பர் கடைசியில தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிடலாம். முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டினதும் மக்கின சாணமோ மண்புழு உரமோ போட்டு மண்ணைக் கிளறி விடுங்க. அன்னிக்கு ஒரு கூடை நிறையக் குச்சி விழும். அதைக் குப்பை வண்டிக்குப் போடுறதுக்கு முன்னாடி, நேரா இருக்கிறதுல ஒரு கட்டு எடுத்து, ஈரத்துணியில சுத்தி, "மல்லிக் குச்சி, எடுத்துக்கலாம்"னு ஒரு அட்டையில எழுதி வாசல்ல வைங்க.

கடைசியா ஒரு தம்பியோட கேள்வி: "மணிபிளான்ட் திருடி வச்சாத்தான் வளரும்னு சொல்றாங்களே, மல்லிக்கும் அப்படியா?" இல்லை தம்பி. மல்லியைக் கேட்டே வாங்குங்க. எந்த மாசம் வெட்டினாங்க, எவ்வளவு வெயில்னு அவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும் இல்லையா, திருடிட்டு வந்தா யார்கிட்ட கேப்பீங்க?

அடுத்த எபிசோடுல தொட்டி மண் கலவை பத்திப் பேசலாம். வணக்கம்.